சீர்த்தட்டில் சூப்பர் மரியோ

கோடை லீவும் காதுகுத்து சீசனும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதில், இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பிள்ளைகளுக்குக் கையடக்க வீடியோ கேம் வாங்கிக் கொடுக்கலாமா? 'பேர் போட வேண்டாம், சொந்தக்காரங்க படிப்பாங்க' என்ற பின்குறிப்பும் எல்லாவற்றிலும் இருந்ததால், உறவுமுறையும் ஊரும் மட்டும்.

தாய்மாமன், திருமங்கலம்
அக்கா மகனுக்கு மூணு வயசு. அடுத்த மாசம் அழகர்கோவிலில் மொட்டை, காதுகுத்து. சீர்வரிசையில் ஒரு வீடியோ கேம் வைத்தால் எடுப்பாக இருக்குமா?

தட்டில் இருக்கிறவரை எடுப்பாகத்தான் இருக்கும். பிள்ளை கைக்குப் போன பிறகுதான் பிரச்சினை. மூணு வயசுப் பிள்ளை எதைக் கொடுத்தாலும் முதலில் வாயில் வைத்துப் பார்க்கும், அப்புறம் தரையில் தட்டிப் பார்க்கும், அதற்கும் அசரவில்லை என்றால்தான் பொத்தானை அமுக்கும். 2 முதல் 4 வயசு வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் குறைந்தால் ரொம்ப நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தை அக்கா வீட்டு டிவி காலை இட்லியோடேயே முடித்திருக்கும். கடுக்கன், பட்டு வேட்டி, கிடா என்று வழக்கப்படி ஜமாயுங்கள். கேமை மூணு வருசம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் அதன் விலையும் இறங்கும், உங்கள் சம்பளமும் ஏறும்.

சித்தி, செல்லூர்
அப்படியானால் எந்த வயசில் தொடங்கலாம்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

என் கணக்கு ஆறு. கம்பெனிக்காரர்களுக்கே அந்த எண் மேல் ஒரு மரியாதை உண்டு: நிண்டெண்டோ 2011-ல் முப்பரிமாணப் படம் காட்டும் 3டிஎஸ் கருவியை விற்றபோது, ஆறு வயசும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டாம் என்று தானே எச்சரித்தது. சாதாரணத் திரைக்கு ஆறிலேயே தொடங்கலாம், ஆனால் விற்கிறவனே எச்சரிக்கும்போது அதற்குக் கீழே நாம் இறங்க வேண்டாம்.

வயசை விட நல்ல சோதனை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. பிள்ளையோடு பரமபதம் ஆடுங்கள். பெரிய பாம்பு கடித்துக் கீழே வரும்போது அட்டையைத் தூக்கி எறியாமல் மறுபடி பகடையை உருட்டினால், கேம் கொடுக்கலாம். எறிந்தால் உங்கள் காசும் அதே திசையில்தான் பறக்கும்.

அப்பா, கே.புதூர்
தனியாக ஒரு கருவி எதற்கு? என் பழைய போனிலேயே ஆயிரம் கேம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் முடிந்தது இல்லையா?

முடியாது என்பதுதான் அதில் தொந்தரவு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு உங்கள் பிள்ளையிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பு கிடையாது. பையன் பத்து நிமிசம் ஆடினாலும் சரி, பத்து மாசம் ஆடினாலும் சரி, கம்பெனி தன் காசை அன்றைக்கே வாங்கிவிட்டது. போனில் இலவசமாக வரும் கேம் அப்படி இல்லை. பிள்ளை எவ்வளவு நேரம் அங்கேயே கிடக்கிறானோ அவ்வளவு விளம்பரம் ஓடும், அதுதான் அவர்களுக்கு வரும்படி. அதனால் ஒரு கட்டம் முடிந்ததும் அடுத்த கட்டத்துக்கு முன்னால் ஒரு விளம்பரம், அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவுக்கு, அதையும் தேடி அமுக்கினால் வேறெங்கோ கொண்டுபோய் விடும். நடுவில் வைரம் வாங்கு, பெட்டி திற என்று ஒரு தூண்டில். அந்தப் போனில் உங்கள் யுபிஐயும் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் போட்டது, மத்திய அரசு 2025-ல் நாடு முழுவதற்கும் தடை போட்டது. 'வைரம் வாங்கு' ரகம் அந்தத் தடைக்குள் வராது. அதற்கு வீட்டுச் சட்டம்தான்.

நான் கையடக்க கேமுக்கு வக்காலத்து வாங்குவது இந்த ஒரே காரணத்துக்காகத்தான். அதில் ரீல்ஸ் வராது, வாட்ஸப் வராது, பெரியம்மா வீடியோ காலில் வரமாட்டார். அணைத்தால் அணைந்துவிடும். போனைப் பிடுங்கினால் 'அம்மா போன்தானே, அம்மா மட்டும் பார்க்குது' என்று நியாயம் பேசுவான். கேமைப் பீரோவில் வைத்துப் பூட்டினால் உங்களைத் திருப்பிக் கேட்க அவனிடம் கேள்வி இருக்காது.

மாமா, வாடிப்பட்டி
நாங்கள் சின்ன வயசில் திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேம் இப்போதும் நல்லதா? அதை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை சிரிக்குமோ?

முதல் நாள் சிரிக்கும். மூணாவது நாள் உங்களிடம் தோற்றுவிட்டு 'இன்னொரு ஆட்டம் மாமா' என்னும். ஏழு வயசுப் பிள்ளையின் முதல் கேமுக்கு என் ஓட்டு இதற்குத்தான். குறுக்கே பத்துக் கட்டம், நெடுக்கே இருபது கட்டம், சாம்பல் திரை, அடியில் இரண்டு பென்சில் செல். மேலே இருந்து கட்டை விழும், இண்டு இடுக்கில்லாமல் அடுக்க வேண்டும். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் எழுதிய டெட்ரிஸின் தெருவோர நகல் இது. மேல்மாசி வீதியிலும் திருவிழாத் தரைக்கடையிலும் இதை வாங்கிய யாருக்கும் அந்த ரஷ்யர் பேர் தெரியாது, ஆனால் நெட்டையாக நாலு கட்டம் கொண்ட அந்தக் குச்சி வராதா என்று ஏங்காதவரும் கிடையாது.

அட்டையில் '9999 கேம்ஸ்' என்று போட்டிருக்கும். நம்ப வேண்டாம். உள்ளே இருப்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம்: கட்டை, பாம்பு, கார், டாங்கி, தவளை. மிச்சமெல்லாம் வேகத்தையும் கட்டத்தையும் மாற்றி மாற்றி எண்ணின கணக்கு. மதுரையில் ஒரு குழம்பை நாலு பேரில் பரிமாறும் மெஸ் இல்லையா என்ன!

அண்ணன், அவனியாபுரம்
மீனாட்சி பஜார் பக்கம் '400 இன் 1' என்று உள்ளங்கை அகலத்தில் கலர் திரையோடு ஒன்று விற்கிறார்கள். விலையும் சல்லிசு. வாங்கலாமா?

வாங்கலாம், தெரிந்து வாங்குங்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் காலத்து ஆட்டங்கள். நம் வீடுகளில் டிவியில் மாட்டி, கேசட்டை ஊதி ஊதிப் போட்டு ஆடினோமே, அதே மரியோ, அதே கான்ட்ரா. அந்தக் கம்பெனிகளுக்கு இதில் ஒரு பைசா போகாது, எல்லாம் நகல். நானூற்றில் பாதி, அதே ஆட்டம் வேறு பேரில் முகமூடி போட்டு வரும். அதில் ஒரு பத்து நல்ல ஆட்டம் தேறும். கான்ட்ராவில் துப்பாக்கிதான் எல்லாம், அதை ஆறு வயசுக்குக் காட்டாமல் மரியோவைக் காட்டுங்கள்.

பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பழைய நண்பர் ஒருவரைச் சந்திப்பீர்கள்: பிஎல்-5சி பேட்டரி. நோக்கியா 1100-ல் போட்டோமே, அதே அளவு. ஆனால் இதில் வருவது பெரும்பாலும் பேர் தெரியாத கம்பெனித் தயாரிப்பு. ராத்திரி முழுக்க சார்ஜில் போடாதீர்கள். பேட்டரியின் வயிறு லேசாக உப்பியிருந்தால் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாற்றுங்கள். நோக்கியாவே 2007-ல் இந்த வகையில் ஒரு தொகுதி சூடாகிறது என்று சொல்லி 4.6 கோடி பேட்டரிகளுக்கு மாற்றுத் தருவதாக அறிவித்தது. பேருள்ள கம்பெனிக்கே அந்தக் கதி.

பொது அறிவுப் பைத்தியம், திருநகர்
இந்தக் கையடக்க கேமை முதலில் யோசித்தது யார்?

முதலில் என்றால் அமெரிக்க மேட்டல் கம்பெனி 1976-லேயே ஒன்றை விற்றுவிட்டது. ஆனால் அதை உலகம் முழுக்கப் பரப்பியவர் நிண்டெண்டோவின் குன்பேய் யோகோய். புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். கால்குலேட்டர் போட்டியில் அதன் திரைகளும் அப்போது மலிந்து கிடந்தன. 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. 1989-ல் அதே மனிதர் குழுவின் 'கேம் பாய்': நாலு பென்சில் செல், கலர் கிடையாது, ஆனால் கீழே போட்டாலும் சாகாது. கலரோடு வந்த போட்டிக் கருவிகள் செல்லைக் குடித்துக் குடித்தே செத்தன. கேம் பாயும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

வைகை எக்ஸ்பிரஸ் 1977-லிருந்து ஓடுகிறது. அதில் அந்தக் காலத்திலிருந்தே பொழுதும் போகாமல்தான் இருந்தது. நம்மாட்கள் கால்குலேட்டரைத் தட்டாமல் எதிர் சீட்டுக்காரரின் ஊர், பேர், சம்பளம் விசாரித்ததில் ஒரு கண்டுபிடிப்பு கைநழுவிப் போய்விட்டது.

தமிழாசிரியர், திருப்புவனம்
நம்மிடம் இல்லாத விளையாட்டா ஐயா? எதற்கு ஜப்பான்காரன் பொம்மை?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கீழடி. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போய், அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிறுத்துங்கள். சுடுமண் ஆட்டக்காய், வட்டச்சில்லு, பகடை. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின கையடக்க கேம், சார்ஜ் போட வேண்டாம். அதைச் செய்தவர்களும் தம் பிள்ளையைத் திண்ணையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைக்கத்தான் செய்திருப்பார்கள். ஆகவே இது ஜப்பானா தமிழா என்ற சண்டையே இல்லை. பல்லாங்குழியும் வாங்குங்கள், கேமும் வாங்குங்கள். ஆனால் பல்லாங்குழியை வாங்கிப் பரணில் போட்டுவிட்டுப் பெருமை மட்டும் பேசுகிறவர்கள் கட்சியில் என்னைச் சேர்க்காதீர்கள். அதில் எதிரே உட்கார ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான்.

அத்தை, மேலூர்
சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, எட்டு வயசு மகளுக்கு 'ஸ்விட்ச்' வாங்கி வருகிறானாம். நிஜமாகவே அவ்வளவு காசு பெறுமா? என்ன சொல்லி அனுப்ப?

நிண்டெண்டோவின் கேம் கருவி அது, எட்டு வயசுக்கு நல்ல சாமான்தான். தம்பியிடம் 'ஸ்விட்ச் லைட்' போதும் என்று சொல்லுங்கள். 2019-ல் வந்தது. பெரிய ஸ்விட்சில் இரண்டு பக்கக் கைப்பிடியும் கழன்று வரும், ஒன்று சோபாவுக்கு அடியில் போகும். லைட்டில் எல்லாம் ஒட்டியே இருக்கும், சின்னக் கைக்கும் அடக்கம். டிவியில் மாட்ட முடியாது, அதுவும் நல்லதே. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2 இன்னும் பெரிசு, இன்னும் கனம். அது உங்கள் தம்பிக்கே ஆசையாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கேமை டவுன்லோடாக வாங்காமல் சில்லாக வாங்கி வரச் சொல்லுங்கள். சில்லு என்றால் தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு. அலுத்துவிட்டால் பெரியப்பா மகளிடம் மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். டவுன்லோடை யாரிடமும் மாற்ற முடியாது. குழந்தை வாயில் போட்டுக்கொள்ளுமே என்றால், அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். அந்தச் சில்லின் மேல் டெனடோனியம் பென்சோயேட் என்ற கசப்பு மருந்தைப் பூசித்தான் விற்கிறார்கள். நாக்கில் பட்டால் வேப்பங்கொழுந்தைச் சீனி என்பீர்கள்.

எந்த ஆட்டம்? ஐரோப்பாவுக்கான டப்பா என்றால் மூலையில் வயசு எண் இருக்கும்: 3, 7, 12, 16, 18. மகளுக்கு 3 அல்லது 7. போக்கிமான் வேண்டாம், இப்போதைக்கு. பக்கம் பக்கமாக இங்கிலீஷ் படித்தால்தான் நகரும், பாதி நேரம் நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். மரியோ கார்ட் நல்லது. அதில் ஒரு சௌகரியம், வண்டி ரோட்டை விட்டு இறங்காமல் அதுவே திருப்பிக்கொள்ளும்படி வைத்துக்கொள்ளலாம். அழுகை பாதியாகக் குறையும்.

இரண்டு எச்சரிக்கை. சிங்கப்பூர் சார்ஜர் முள் மூணும் சப்பட்டை, நம் சுவரில் ஏறாது. ஒரு மாற்று பிளக் வேண்டும், கரண்ட் அளவு ஒத்துப்போகும். இன்னொன்று, நிண்டெண்டோ ஸ்விட்சை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கடையில் இருப்பதும் இறக்குமதிதான். வாரண்டி என்று யாராவது சொன்னால் அது அந்தக் கடைக்காரரின் வாய் வார்த்தை.

அப்பத்தா, உசிலம்பட்டி
பொம்பளப் புள்ளைக்கு எதுக்குய்யா இதெல்லாம்? பேரனுக்குக் கொடுத்தாலும் ஒரு அர்த்தம் இருக்கு.

கட்டைவிரல் இரண்டு பேருக்கும் இரண்டுதான் அப்பத்தா.

அம்மா, அண்ணாநகர்
கண் கெட்டுவிடாதா? எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாஸ்பத்திரி இருக்கிறது என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுகிறார்.

1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி அந்த அரவிந்த் கண்ணாஸ்பத்திரியை ஆரம்பித்தது உங்கள் வீட்டுக்காரரின் தைரியத்துக்காக அல்ல என்று சொல்லி வையுங்கள். கிட்டத்தில் வைத்து நெடுநேரம் உற்றுப் பார்ப்பதும், வெளி வெளிச்சத்தில் இல்லாமல் இருப்பதும் கிட்டப்பார்வைக்கு வழி. இதில் புத்தகமும் கேமும் ஒரே கட்சிதான். நாளைக்கு இரண்டு மணி நேரம் வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வில் தெரிந்த விஷயம். வெயில் என்ற சரக்கு மதுரையில் என்றைக்காவது தட்டுப்பாடாகியிருக்கிறதா? சாயங்காலம் ராஜாஜி பூங்கா, அப்புறம் அரைமணி கேம் என்று முறை வையுங்கள். ஆடும்போது இருபது நிமிசத்துக்கு ஒருமுறை எதிர்வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்து ஆடினால் மட்டும் உடனே பிடுங்குங்கள். கண்ணுக்காக மட்டும் இல்லை, மூக்கில் விழும்.

பெரியம்மா, விளாச்சேரி
விலை குறைந்த கேம் வாங்கினால் ஆபத்து உண்டா? ஷாக் அடிக்குமா?

ஷாக்கை விட நான் பயப்படுவது பொத்தான் பேட்டரிக்கு. சட்டைப் பித்தான் மாதிரி வெள்ளியாய் மின்னுமே, அது. பாட்டுப் பாடும் பொம்மை, கைக்கடிகார கேம், சாவிக்கொத்து கேம் எல்லாவற்றிலும் அதுதான். குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரிக்க ஆரம்பித்துவிடும். வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்கு வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 

ஆகவே கடையில் கேமைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா? இருந்தால் சரி. நகத்தால் நெம்பினால் திறக்கிறதா? அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வீடியோ கேமுக்கு அது வேறு வழி: 'ஆர்' என்ற இங்கிலீஷ் எழுத்தும் அதை ஒட்டி ஒரு நீள எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும், 2012-ல் போட்ட மத்திய அரசு ஆணை. தரைக்கடைச் சரக்கில் அதைத் தேடினால் கண்தான் வலிக்கும். பென்சில் செல் போடும் கேமாகப் பார்த்து வாங்கினால் பாதிப் பயம் போகும், அது பொத்தான் பேட்டரி போல லேசில் விழுங்குகிற அளவில் இல்லை.

இரட்டையரின் தந்தை, ஒத்தக்கடை
இரண்டு பேர், ஒரு கேம். வாங்கலாமா, வீட்டில் ஜல்லிக்கட்டு நடக்குமா?

'உசிர் போனா கைமாத்தணும்' என்பது 90களில் தமிழ்நாடு முழுக்க அமலில் இருந்த சட்டம். கடிகாரம் வைத்துப் பங்கு பிரித்தால் 'இப்பத்தான் ஆரம்பிச்சேன்' என்று சண்டை வரும். செத்தால் அடுத்தவன் என்றால் வாதத்துக்கு இடமில்லை. இரண்டு வாங்கினால், 'அவனோடது நல்லா இருக்கு' என்று வேறு வழக்கு.

பங்காளி, சோழவந்தான்
மொய்க்குப் பதிலாக கேமாகக் கொடுத்துவிட்டால் என்ன?

மொய் நோட்டில் என்னவென்று எழுதுவார்கள்? 'பங்காளி, சோழவந்தான், மரியோ ஒன்று' என்றா? நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் மரியோவே கொண்டுவந்தால் சம்மதமா?

அப்பா, சிம்மக்கல்
முதல் ரேங்க் வாங்கினால் கேம் என்று சொல்லிவிட்டேன். தப்பா?

இரண்டாவது வாங்கிவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்தீர்களா? ஏழு வயசுப் பிள்ளைக்குப் பொறந்த நாள் போதாதா காரணம்?

தாத்தா, மணிநகரம்
சத்தம் தாங்கவில்லை. 'டொய்ங் டொய்ங்' என்று மத்தியானத் தூக்கம் போச்சு. இதற்கு ஏதாவது உண்டா?

கேமின் ஓரத்தில் சத்தத்தைக் குறைக்க ஒரு சக்கரமோ பொத்தானோ இருக்கும். இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும், மலிவு ரகத்தில் பலதில் கிடையாது. இல்லையென்றால் பின்பக்கம் ஸ்பீக்கர் ஓட்டை மேல் இரண்டு மடிப்பு செல்லோடேப் ஒட்டுங்கள். பேரனுக்குத் தெரியாமல். ஒரு சந்தேகம்: சாயங்காலம் பேரன் ட்யூஷன் போன பிறகும் சத்தம் வருவதாகப் பாட்டி தனியாக எழுதியிருக்கிறார்கள்.

சித்தப்பா, வில்லாபுரம்
ஐந்து வயசுதான் ஆகிறது. கேம் வேண்டாம் என்கிறீர்கள். வெறுங்கையோடு போக முடியுமா?

யார் போகச் சொன்னது? விளாச்சேரியில் மண்ணைப் பிசைந்து பொம்மை செய்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போய்ப் பிள்ளையையே ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அங்கே சித்தப்பாவோடு என்பதும் பரிசுதான், செலவு பஸ் டிக்கெட்டும் வெளியே வரும்போது ஒரு ஜிகர்தண்டாவும்.

அவசரக்காரர், பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து
இப்போதே கடைக்குள் நுழையப் போகிறேன். சுருக்கமாகச் சொல்லுங்கள்.

டப்பாவைப் பார்த்து வாங்காதீர்கள், பிரிக்கச் சொல்லுங்கள். செல்லைப் போட்டு எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பாருங்கள், அம்புக்குறிப் பொத்தானை நாலு பக்கமும். பின்மூடித் திருகாணி. சத்தம் குறைகிறதா. கூடவே ஒரு ஜோடி செல்லும் வாங்குங்கள், ராத்திரி எட்டு மணிக்கு 'செல் எங்கே' என்று அந்த வீடே தேடும். பில் கேளுங்கள், பில் இல்லாத சாமானை மறுநாள் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். இத்தனைக்கும் முன்னால், வாசலிலேயே நின்று பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். அவர் வேண்டாம் என்றால், அடுத்த கடையில் கிரிக்கெட் மட்டை இருக்கும்.